கம்ப்யூட்டர் எடுத்த லீவு

"நாப்பத்தொரு லட்சத்து எழுபதாயிரம்," என்று படித்துவிட்டு ஏஞ்சல் தாளைத் திருப்பிப் பார்த்தாள். "சார், ஏழு நம்பர் கீது. இது பில்லா, இல்ல யாராச்சும் போன் நம்பரை எழுதி வெச்சிட்டாங்களா?"

துப்பறியும் சின்னப்பையன் சிரிக்கவில்லை. அவருக்கு வயது ஐம்பத்து மூன்று, தலையில் முடி கிடையாது. பெயரை வைத்து ஏஞ்சல் செய்யும் கேலிக்கும் கணக்குக் கிடையாது. தபால் துறையில் காணாமல் போன மணியார்டர்களை இருபது வருடம் துரத்தியவர். இப்போது தனியாகத் தொழில். ஏஞ்சல் அவருடைய உதவியாளர், டிரைவர், வாய். மூன்றுக்கும் சேர்த்து ஒரே சம்பளம்.

"மணி என்ன?" என்றார்.

"ஒண்ணே கால். இன்னும் ரெண்டே முக்கா மணி நேரம் கீது, இந்தம்மா வேலை போறதுக்கு."

எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த விஜயலக்ஷ்மி புடவைத் தலைப்பை இன்னொரு தடவை முறுக்கினாள். காலையிலிருந்து முறுக்கியதில் அது கயிறாகவே ஆகிவிட்டது.

ஆழ்வார்பேட்டையில் மேகலா கம்ப்யூட்டர் சென்டரின் முதல் மாடி அது. கண்ணாடிக்குப் பின்னால் பீரோ அளவுக்கு ஒரு கம்ப்யூட்டர் உறுமிக்கொண்டிருந்தது. சொந்தமாக இவ்வளவு பெரிய மெஷின் வாங்க முடியாதவர்கள் டெலிபோன் லைன் வழியாக அதை வாடகைக்கு ஓட்டலாம். அடையாறில் இருக்கும் 'கடல்நோக்கு' என்ற அரசாங்க செயற்கைக்கோள் திட்டமும் அப்படித்தான் ஓட்டியது. மேலே சுற்றும் செயற்கைக்கோள் கடலைப் படம் பிடிக்கும். விஜயலக்ஷ்மி அந்தப் படத்தை இந்த மெஷினுக்குக் கொடுத்து, குளிர்ந்த நீரும் சூடான நீரும் சேரும் இடத்தைக் கண்டுபிடிப்பாள். மீன் அங்கேதான் கூடும். சாயங்காலம் குப்பங்களில் அந்த இடத்தைக் கரும்பலகையில் எழுதிப் போடுவார்கள்.

நான்கு மாதத்துக்கு ஆறு லட்சம் ஆகும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். வந்த பில் நாற்பத்தொன்று எழுபது. அத்தனையும் விஜயலக்ஷ்மியின் பாஸ்வேர்டில் ஓடியிருந்தது.

"என் ப்ரோக்ராம்ல தப்பு இருக்காம். அது நிக்காம தானா திரும்பத் திரும்ப ஓடிண்டே இருந்துதாம். டைரக்டர் சொல்றார்," என்றாள் விஜயலக்ஷ்மி. "டெல்லியிலேர்ந்து கமிட்டி வந்திருக்கு. நாலு மணிக்கு மீட்டிங். சஸ்பென்ஷன் ஆர்டர் டைப்கூட ஆயிடுத்து. நானே பார்த்தேன். அதுல என் இனிஷியலைத் தப்பா அடிச்சிருக்கா!"

அவளுக்கு அழுகையை விடக் கோபம்தான் அதிகமாக வந்தது. பதினாறு வருட சர்வீஸ்.

"பில்லுல மோசடி எதுவும் கிடையாது," என்றார் சென்டர் முதலாளி கல்யாணராமன், நெற்றி நிறைய விபூதியோடு. "கணக்கு வைக்கறது மெஷின். நான் இல்லை."

ஆபரேட்டர் குலாம் ரசூல் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு வந்தார். "செகண்டுக்கு இவ்ளோன்னு ரேட்டு சார். நாலு மாசத்துக்கு ஒரு பில்லு. மெட்ராஸ்ல மீட்டர் போட்டு ஓடுற ஒரே வண்டி இதான்."

"அதான் பழக்கமில்லாம ஏறி உக்காந்துட்டாங்க," என்றாள் ஏஞ்சல்.

சின்னப்பையன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மெஷின் அச்சடித்த பட்டியல் மடிப்பு மடிப்பாக அறையின் அந்தக் கோடி வரை போனது. எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம். விஜயலக்ஷ்மியின் வேலை தினமும் காலை ஏழு மணிக்கு இருபது நிமிடம். அதற்கு மேல் தினமும் மூன்று மணி நேரம், நான்கு மணி நேரம் என்று இன்னொரு ஓட்டம். லட்சங்களைத் தின்றது அதுதான்.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. மணியார்டர் திருடனைப் பிடிக்கும்போது திருட்டுப் போன நாட்களைப் பார்க்க மாட்டார். போகாத நாட்களைப் பார்ப்பார். அந்த நாட்களில் எந்தத் தபால்காரர் லீவு என்று தெரிந்தால் போதும்.

முழங்காலாலேயே நகர்ந்து நகர்ந்து நான்கு மாதத்தையும் கடந்தார். பென்சிலால் நான்கு இடத்தில் கோடு போட்டார்.

"ஆகஸ்ட் அஞ்சு, ஆறு. செப்டம்பர் ரெண்டு, மூணு. செப்டம்பர் இருபத்தொன்பது, முப்பது. அக்டோபர் இருபத்தாறு, இருபத்தேழு. இந்த எட்டு நாளும் அந்த ரெண்டாவது ஓட்டம் இல்லை. ரசூல் பாய், மெஷின் ரிப்பேரா?"

"இல்லியே சார். மத்த பார்ட்டிங்க எல்லாம் ஓட்டிக்கினு இருந்தாங்க. இதே அம்மாவோட காலை வேலைகூட ஓடியிருக்கு பாருங்க."

"அப்போ ப்ரோக்ராம் தானா ஓடலை. தானா ஓடற ப்ரோக்ராமுக்கு லீவு எதுக்கு? இதை ஓட்டினது ஒரு மனுஷன்."

விஜயலக்ஷ்மியின் முகத்தில் காலையிலிருந்து முதல் தடவையாக வெளிச்சம் வந்தது. ஏஞ்சல் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

"சார், இருபத்தேழு, இருபத்தெட்டு நாளுக்கு ஒருக்கா வருது. ரெண்டு நாள்." தயங்கினாள். தயங்குவது அவளுக்குப் பழக்கமில்லை. "தப்பா நெனைக்காதீங்கம்மா. இது பொம்பளைங்க கணக்கு."

கல்யாணராமன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். விஜயலக்ஷ்மியின் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது.

"கமிட்டியும் இதைத்தான் சொல்லும், இல்லையா?" என்றாள் மெதுவாக. "நான் அந்த நாள்லேயும் ஆபீஸ் வந்துண்டுதான் இருக்கேன். ஒதுங்கி உட்கார்ற வழக்கம் எங்காத்துல இல்லை. ஆனா யார் நம்புவா?"

ஒரு துப்பு கிடைத்தது. அது கேஸ் கொடுத்தவளையே கடித்தது. சின்னப்பையன் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டு, அறையை இரண்டு சுற்று சுற்றினார். கல்யாணராமனின் மேசைக்குப் பின்னால் மாதக் காலண்டர் தொங்கியது. நவம்பர் 1996. அதில் 7, 8 தேதிகளைச் சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தது.

"இது என்ன?"

"எனக்குக் கும்ப ராசி. அந்த ரெண்டு நாள் சந்திராஷ்டமம்," என்றார் கல்யாணராமன். "புதுசா எதையும் ஆரம்பிக்க மாட்டேன். செக்கில்கூடக் கையெழுத்துப் போட மாட்டேன். மாசா மாசம் வரும்."

"எத்தனை நாளுக்கு ஒரு தடவை?"

"இருபத்தேழு நாளைக்கு ஒரு..."

அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. நான்கு பேரும் தரையில் கிடந்த பட்டியலைப் பார்த்தார்கள்.

ஏஞ்சல் மட்டும் விழித்தாள். "அஷ்டமின்னா இன்னா? எங்க மாதா கோயில்ல இதெல்லாம் சொல்லலியே."

"சந்திரன் ராசிக்கு ரெண்டேகால் நாள் தங்கும். நம்ம ராசிக்கு எட்டாவது ராசிக்கு வரும்போது நமக்கு ஆகாத நேரம்னு நம்பிக்கை. ஒவ்வொரு ராசிக்காரனுக்கும் வேற வேற நாள்," என்றார் சின்னப்பையன். "கல்யாணராமன் சார், பஞ்சாங்கம் வெச்சிருப்பீங்களே?"

மேசை டிராயரிலிருந்து பஞ்சாங்கம் வந்தது. கல்யாணராமன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நான்கு மாதங்களையும் புரட்டினார். நிமிர்ந்தபோது அவர் குரலே மாறியிருந்தது.

"எட்டு நாளும் சந்திரன் மேஷத்துல. மேஷம் எட்டாமிடமா வர்றது கன்னி ராசிக்கு."

"நான் திருவோணம். மகர ராசி," என்றாள் விஜயலக்ஷ்மி வேகமாக.

"உங்க பாஸ்வேர்டு யாருக்கெல்லாம் தெரியும்?"

அவள் தலை குனிந்தாள். "எல்லாருக்கும். ஸ்க்ரீன் ஓரத்துல சீட்டு எழுதி ஒட்டி வெச்சிருந்தோம். மறந்து போயிடும்னு."

"நல்ல ரகசியம்," என்றாள் ஏஞ்சல்.

"உங்க ஆபீஸ்ல கன்னி ராசி யாருன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? சர்வீஸ் ரெஜிஸ்டர்ல ராசி எழுத மாட்டாங்களே," என்று யோசித்தார் சின்னப்பையன்.

விஜயலக்ஷ்மி சட்டென்று எழுந்தாள். "இருக்கு! ராக்கெட் விட்ட அன்னிக்குக் கபாலி கோவில்ல எல்லார் பேருக்கும் அர்ச்சனை பண்ணினேன். பேர், நட்சத்திரம், ராசி எழுதின லிஸ்ட் எங்காத்துல பூஜை அலமாரியில இருக்கு!"

தீபாவளிக்கு ஐந்து நாள். மழையும் கூட்டமும் போட்டி போட்டுக்கொண்டு லஸ் முனையை அடைத்திருந்தன. ஏஞ்சலின் லூனா மொபெட் இரண்டு பஸ்களுக்கு நடுவில் புகுந்து வெளியே வந்தபோது பின்னால் இருந்த சின்னப்பையன் கண்ணைத் திறக்கவில்லை. விஜயலக்ஷ்மியின் வீடு இருந்த வடக்கு மாட வீதிக்கு வந்து சேர மூன்று மணி ஆகிவிட்டது. ஆட்டோவில் வந்த விஜயலக்ஷ்மி, நனைந்த செருப்போடு வாசலில் ஓடிவந்து தாளை நீட்டினாள். ஓரத்தில் குங்குமக் கறை.

பதினோரு பேர். சின்னப்பையன் ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தார். ரிஷபம், கடகம், மகரம், மீனம், இரண்டு சிம்மம். மறுபடியும் பார்த்தார். ஒரு கன்னி கூட இல்லை.

"போச்சு," என்றாள் விஜயலக்ஷ்மி.

ஏஞ்சல் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "பன்னண்டாவதா ஒண்ணு கீதே. 'டைரக்டர். சுவாமி பேருக்கு.' யார் சார் அந்த சுவாமி? புதுசா வேலைக்குச் சேந்தவரா?"

"அது எங்க டைரக்டர் ஸ்ரீவத்சன்," என்றாள் விஜயலக்ஷ்மி. "அவர்கிட்ட நட்சத்திரம் கேட்டேன். எல்லார் எதிரேயும் சிரிச்சார். 'ராக்கெட் எரிபொருள்ல போகும்மா, தேங்காய்ல போகாது. என் பேரைச் சேர்க்காதே'ன்னுட்டார். எனக்கு மனசு கேக்கலை. நட்சத்திரம் தெரியாதவாளுக்கு சுவாமி பேருக்கே அர்ச்சனை பண்ணுவா. அப்படிப் பண்ணிட்டேன்."

சின்னப்பையன் தாளை மடித்துப் பையில் வைத்தார்.

"அவரா? அவருக்கு இதெல்லாம் சுத்தமா நம்பிக்கை கிடையாது சார்!"

"நம்பிக்கை இல்லாதவர் நட்சத்திரத்தைச் சொல்லிட்டுப் போயிருக்கலாம். சொல்ல பயந்தவர்தான் மறைப்பார். ஆனா ஒரு டைரக்டர் தன் திட்டத்தோட பில்லைத் தானே எதுக்கு ஏத்தணும்? அதுதான் தெரியலை."

அது தெரியாமல் அடையாறு போவதில் பிரயோஜனமில்லை. ஆனாலும் கிளம்பினார்கள். கடியாரம் நிற்கவில்லை.

சாந்தோம் தாண்டிப் பட்டினப்பாக்கத்தில், சாலையோரம் குடைக்குக் கீழே மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த ஏஞ்சலின் அத்தை தேசம்மா கையை நீட்டி லூனாவையே மறித்தாள். பின்னால் வந்த ஆட்டோவும் நின்றது.

"அடியே ஏஞ்சலு! கண்டுக்காம போய்க்கினே கீறே?"

"அத்த, அவசரம். தோ, இந்தம்மாதான் நம்ம குப்பத்து போர்டுல மீன் எங்க கீதுன்னு எழுதச் சொல்றவங்க."

தேசம்மா ஆட்டோவுக்குள் குனிந்து விஜயலக்ஷ்மியை மேலும் கீழும் பார்த்தாள். "நீதானா அது? நல்லா இருப்பே தாயி. மொதல்ல வந்த மாசம் பூரா பொய்யி. ஆடி பொறந்தப்புறம் சொன்னா சொன்ன எடத்துல மீனு. ஆனா இன்னாத்துக்கு மாசத்துல ரெண்டு நாளு மட்டும் ஏமாத்துறே? எங்க வூட்டுக்காரரு ரங்கன் வெறும் வலையோட வந்து என் மேல எரிஞ்சு விழறாரு."

சின்னப்பையன் லூனாவிலிருந்து இறங்கினார். "எந்த ரெண்டு நாள்மா?"

"நாளு கெளமை யாரு பாத்தா? கல்லறைத் திருநாளுக்கு முன்னாடி வாரம், சனிக்கெளமை. அதுக்கும் முன்னாடி, வேளாங்கண்ணி மாதாவுக்குக் கொடி ஏத்தி அஞ்சாம் நாளு. நேர்ச்சைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு நல்ல மீன்பாடு கெடைக்கும்னு இருந்தேன், ஒண்ணும் இல்லே. நல்லா ஞாபகம் கீது."

கல்லறைத் திருநாள் நவம்பர் இரண்டு. அதற்கு முந்தைய வாரம் சனிக்கிழமை அக்டோபர் இருபத்தாறு. கொடி ஏறுவது ஆகஸ்ட் இருபத்தொன்பது. ஐந்தாம் நாள் செப்டம்பர் இரண்டு. சின்னப்பையன் விரல்களை மடக்கி எண்ணி முடித்தார். இரண்டுமே அவர் பட்டியலில் கோடு போட்ட நாட்கள்.

"விஜயலக்ஷ்மி, செயற்கைக்கோள் படம் உங்க மேசைக்கு எப்படி வரும்?"

"டேப்ல. முதல்ல டைரக்டர் ரூமுக்குப் போகும். அவர் பார்த்துட்டு மறுநாள்தான் எனக்கு அனுப்புவார்." அவள் நிறுத்தினாள். "சில நாள் மட்டும் அன்னிக்கே வரும். நான்கூட, இன்னிக்கு என்ன இவ்வளவு சீக்கிரம்னு..."

அவளுக்கே புரிந்துவிட்டது. வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

அடையாறு ஆபீஸில் மணி நான்கு பத்து. கமிட்டி அறைக் கதவு மூடியிருந்தது. மீட்டிங் நான்கு முப்பத்தைந்துக்குத் தள்ளிப் போயிருக்கிறது, டைரக்டர் உத்தரவு என்றார் வாசலில் இருந்த பியூன்.

"செவ்வாய்க்கிழமை ராகு காலம் மூணுலேர்ந்து நாலரை," என்று முணுமுணுத்தார் சின்னப்பையன். கதவைத் தட்டாமலே மற்ற இருவரோடும் டைரக்டர் அறைக்குள் நுழைந்தார்.

ஸ்ரீவத்சன் உயரமானவர். சட்டைப் பையில் இரண்டு பேனா. மேசை மேல் சஸ்பென்ஷன் ஆர்டர். அடுத்த மாதம் ரிட்டயர் ஆகப் போகிறவர் முகத்தில் தூக்கமில்லாத நான்கு மாதம் தெரிந்தது.

"யார் நீங்க?"

"விஜயலக்ஷ்மி அம்மா தரப்பு சார். ஆர்டர்ல நீங்க இன்னும் கையெழுத்துப் போடலை போலிருக்கே. போட்டுக் கொடுத்துட்டீங்கன்னா நாங்க வாங்கிட்டுப் போயிடறோம்."

"இப்ப வேண்டாம். கமிட்டி கூடட்டும்."

"அதுக்கென்ன சார், ஒரு கையெழுத்துதானே."

"பேனா எழுதலை."

"ரெண்டுமா?" என்றாள் ஏஞ்சல்.

"நாலரைக்கு எழுதும்," என்றார் சின்னப்பையன். பட்டியலை மேசை மேல் விரித்தார். "இந்த எட்டு நாளும் கன்னி ராசிக்குச் சந்திராஷ்டமம். இந்த எட்டு நாளும் கம்ப்யூட்டர் லீவு. இதே நாள்லதான் குப்பத்துல போர்டு பொய் சொல்லியிருக்கு. செயற்கைக்கோளோட கேமரா கெட்டுப் போச்சு, இல்லையா சார்? அது அனுப்பற படம் தப்பு. நீங்க தினமும் அந்தம்மா பாஸ்வேர்டுல மணிக்கணக்கா மெஷினை ஓட்டி, படத்தைச் சரி பண்ணி, மறுநாள் அவங்ககிட்டக் கொடுத்தீங்க. பணத்தை யாரும் திருடலை. கோளாறை மறைக்கறதுக்கு ஆன செலவு அது."

ஸ்ரீவத்சன் பட்டியலை மெதுவாக மடித்து வைத்தார். மறுப்பார் என்று எதிர்பார்த்த ஏஞ்சல் வாயில் தயாராக வைத்திருந்த பதிலை விழுங்கினாள்.

"அறுபது கோடியில முடிக்கறேன்னு சொன்ன திட்டம். நூத்தி நாப்பது ஆச்சு," என்றார். "அதுக்கப்புறம் கேமரா சூட்டைத் தப்பா அளக்கறதுன்னு எப்படிப் போய்ச் சொல்றது? அடுத்த செயற்கைக்கோளையே நிறுத்திடுவா. கம்ப்யூட்டருக்கு மாச வாடகைதான்னு நினைச்சுண்டேன். ஒப்பந்தத்தை நான் படிக்கலை. பில் வந்தப்பதான் செகண்டுக்குக் காசுன்னு தெரிஞ்சது."

"அதுக்கு நான் பலியா சார்?" என்றாள் விஜயலக்ஷ்மி. "பதினாறு வருஷம்!"

"உன் பேர் தானா வந்துடுத்தும்மா. நான் தடுக்கலை." அவர் அவளைப் பார்க்கவில்லை. சட்டென்று நிமிர்ந்து சின்னப்பையனிடம் திரும்பினார். "ராசி, நட்சத்திரம். இதைக் கொண்டுபோய்க் கமிட்டி முன்னாடி வெப்பியா? சிரிப்பா. எனக்கு என்ன ராசின்னு இந்த ஆபீஸ்ல ஒருத்தருக்கும் தெரியாது."

அது உண்மை. சுவர்க் கடியாரம் நாலு இருபது காட்டியது. இன்னும் கால் மணியில் கதவு திறக்கும். சின்னப்பையன் கையில் இருந்தது ஒரு பஞ்சாங்கமும் ஒரு மீன்காரம்மாளின் ஞாபகமும்தான்.

விஜயலக்ஷ்மி அவர் பையிலிருந்து அர்ச்சனை லிஸ்டைத் தானே எடுத்தாள். டைரக்டர் முன்னால் வைத்தாள்.

"ராக்கெட் விட்ட அன்னிக்கு எழுதினது சார். கடைசி வரியைப் பாருங்கோ."

ஸ்ரீவத்சன் படித்தார். *டைரக்டர். சுவாமி பேருக்கு.*

"வேண்டாம்னு சொன்னேனே."

"சொன்னேள். அன்னிக்கு உங்க கை நடுங்கிண்டிருந்ததை நான் பார்த்தேன். அதனாலதான் பண்ணினேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பிரசாதம் கூட உங்க டிராயர்ல வெச்சேன்."

அவர் டிராயரைத் திறந்தார். பழைய கோப்புகளுக்கு அடியிலிருந்து சின்னக் காகிதப் பொட்டலம் ஒன்றை எடுத்தார். தூக்கிப் போடாமல் வைத்திருந்திருக்கிறார். மடிப்பில் குங்குமம் காய்ந்து போயிருந்தது.

"தப்புன்னு தெரிஞ்சுதான் தினமும் அந்த பாஸ்வேர்டை அடிச்சேன்," என்றார். "மத்த நாள்ல தைரியம் இருந்தது. அந்த ரெண்டு நாள் இல்லை. எங்க அம்மா சொல்லிச் சொல்லி வளர்த்த பயம். வெளியில சொல்ல வெட்கம்."

சஸ்பென்ஷன் ஆர்டரை எடுத்துக் குறுக்கே இரண்டாகக் கிழித்தார். பையிலிருந்து பேனாவை எடுத்தார். அர்ச்சனை லிஸ்டில் 'சுவாமி பேருக்கு' என்பதை அடித்துவிட்டு, பக்கத்தில் நிதானமாக எழுதினார். *ஹஸ்தம். கன்னி ராசி.* அதற்குக் கீழே, கேமரா கெட்ட தேதியை எழுதினார். மெஷினை ஓட்டியது தான்தான், விஜயலக்ஷ்மி அல்ல என்று அவள் பெயரை இனிஷியலோடு எழுதினார். முழுக் கையெழுத்தும் போட்டு, தாளை விஜயலக்ஷ்மியிடம் நீட்டினார்.

"இனிஷியலைச் சரியா எழுதியிருக்கேனா பாரும்மா."

அவளுக்கு எழுத்து தெரியவில்லை. கண்ணில் நீர் முட்டிக்கொண்டிருந்தது. ஏஞ்சல்தான் எட்டிப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று தலையாட்டினாள். பிறகு சுவர்க் கடியாரத்தைக் காட்டிச் சின்னப்பையனின் முழங்கையை இடித்தாள்.

மணி நாலு இருபத்தாறு. ராகு காலம் முடிய இன்னும் நான்கு நிமிடம் இருந்தது.